மூன்றாம் தசம இடம்

ரோன் நதியோரம் பியர்லாத்.
எழுபத்திரண்டு, ஜூன்.
மிஸ்ட்ரால் காற்று ஆய்வகத்து ஜன்னலை
உலுக்கிக்கொண்டிருந்தது.
ஓடில் ரூவியேர் எழுதிவைத்த எண்ணைப் பார்த்து
மறுபடி அளக்கச் சொன்னார் மேலாளர்.
அளந்தாள்.
பூச்சியம் புள்ளி ஏழு ஒன்று ஏழு.
இருக்க வேண்டியது ஏழு இரண்டு பூச்சியம்.

நூறு பங்கு யுரேனியத்தில்
பிளவுபடும் வகை ஒரு பங்குகூட இல்லை.
நிலாவிலிருந்து கொண்டுவந்த கல்லிலும் அதே அளவு,
எங்கிருந்தோ விழுந்த விண்கல்லிலும் அதே.
மூன்றாம் தசம இடத்தில் மூன்று குறைந்தால்
மளிகைக் கடையில் யாரும் தலை நிமிர்த்த மாட்டார்கள்.
இங்கே தொலைபேசிகள் அலறின.
மூட்டை மூட்டையாய்க் கூட்டிப் பார்த்ததில்
குறைந்தது இருநூறு கிலோ.
"குண்டுக் கணக்கில் எத்தனை?" என்றார் ஒருவர்.
இன்னொருவர் விரல் மடக்கினார்.
ஒரு கை போதவில்லை.

காபோன், முனானா. செம்புழுதி.
தாதுவைச் சுரங்கத்திலிருந்து ஏற்றிப் போகும்
அனிசே முசாவுவை நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.
லாரியை வழியில் எங்கே நிறுத்தினாய்?
"டயர் வெடித்தபோது. மூத்திரம் வந்தபோது.
முள்ளம்பன்றி குறுக்கே போனபோது."
யாரிடம் பேசினாய்?
"முள்ளம்பன்றியிடம்."
அதையும் எழுதிக்கொண்டார்கள்.

கடைசியாகத்தான்
பாறையைக் கேட்கத் தோன்றியது.
பாறை தன் சாம்பலைக் காட்டியது:
பிளந்த அணு மட்டுமே விட்டுப்போகிற நியோடைமியம்.
யாரும் எடுக்கவில்லை. எரிந்திருக்கிறது.
இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முன்,
மரம் இல்லாதபோது, மீன் இல்லாதபோது,
பார்ப்பதற்குக் கண் என்று ஒன்று
எங்கும் திறக்காதபோது.

மழை மண்ணுக்குள் இறங்கும்.
தலைதெறிக்க ஓடும் நியூட்ரானைத்
தண்ணீர் மோதி மோதி நடக்கவைக்கும்.
நடந்து வருவதைத்தான் அந்த அணு உள்ளே விடும்;
விட்டதும் தானே இரண்டாய் விண்டு
வேறு இரண்டு மூன்றை வெளியே துரத்தும்.
சூடேறி நீர் ஆவியாகும்,
நீர் போனதும் தீ படுக்கும்.
அரை மணி வேலை, இரண்டரை மணி ஓய்வு.
சங்கு ஊதாத ஆலை
லட்சக்கணக்கான ஆண்டுகள் ஓடியது
ஷிஃப்ட் மாற்ற ஆளில்லாமல்.

மேலே சூரியன்
எதிர்வேலை பார்த்துக்கொண்டிருந்தது,
ஒட்டமாட்டேன் என்பதை நெருக்கி நெருக்கி
ஒட்டவைக்கிற வேலை.
கனத்தது உடைந்தாலும் சூடு.
லேசானது சேர்ந்தாலும் சூடு.
இடையில் இரும்பு மட்டும் இரண்டுக்கும் மசியாமல்
லாரியின் ஸ்பிரிங் பட்டையாய்,
நாற்காலியில் வியர்க்கிறவனின் ரத்தமாய்
சும்மா இருக்கிறது.

யுரேனியமும் அப்படி ஒட்டியதுதான்,
ஏதோ ஒரு நட்சத்திரம் சாகும் அவசரத்தில்
போட்டுவிட்டுப் போன முடிச்சு.
பூமி உட்கார்ந்து அவிழ்த்தது.
அந்த ஜூன் கடைசியில், முருரோவா பவளத்தீவின்மேல்,
ஓடிலுக்குச் சம்பளம் தரும் அதே நாடு
அதே முடிச்சைப் பலூனில் தொங்கவிட்டு
வெட்டியது.
அங்கே காணாமல்போனதை யாரும் தேடவில்லை;
அதற்கு ரசீது இருந்தது.

பாறை தன் சாம்பலில் பெரும்பகுதியை
இன்னும் மடியிலேயே வைத்திருக்கிறது.
நாம் பீப்பாயில் அடைத்து
தேதி ஒட்டி
அடுத்த நூற்றாண்டின் வாசலில் வைக்கிறோம்.

கோப்பை மூட வேண்டும்.
'பெற்றுக்கொண்டவர்' என்ற கட்டத்தில்
ஓடில் முதலில் கோடு போட்டாள்,
பிறகு 'மழை' என்று பென்சிலால் எழுதி
அழித்தாள்.
உற்றுப் பார்த்தால்
'ழை' இன்னும் தெரியும்.

அனிசேயிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.
விஷயம் மட்டும் காதுக்கு வந்தது.
"தண்ணீர் ஊற்றினால் பற்றும் அடுப்பா?"
சிரித்துச் சிரித்து இருமினான்.
அன்றிரவு வாழைக்காய் சுட்டு முடித்து
பெர்பெத்து கங்கின்மேல் குவளையைச் சாய்த்தபோது
சொய்யென்று சத்தம் வருவதற்குள்
ஓர் அடி
பின்னால் நகர்ந்து நின்றான்.